தத்தெடுக்கப்பட்ட பள்ளி ஏன் போனை எடுக்கவில்லை?

கேள்வி: ஐயா, நான் நகராட்சிப் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 1,100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் நல்ல நிலையில் இருப்பதால் ஸ்மார்ட் வகுப்பறை, நூலகம், ஆய்வகம் என்று எங்களுக்குக் குறையில்லை. இருப்பதை இல்லாத பள்ளியோடு பகிர்ந்துகொள்ளலாமே என்று, 9 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைத் தத்தெடுத்தோம். அங்கே 28 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். குழந்தைகள் தினத்தன்று விழா வைத்து, நல்ல நிலையில் இருந்த பழைய சீருடைகள், கதைப் புத்தகங்கள், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் எல்லாம் கொடுத்தோம். முன்னாள் மாணவர்கள் எடுத்த வீடியோ வாட்ஸாப்பில் நன்றாகப் பரவியது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளித் தலைமையாசிரியை என் போனை எடுப்பதில்லை. கேட்டால் பயிற்சி, லீவு, கணக்கெடுப்பு என்கிறார். அடுத்த கட்டமாகத் திறன் வகுப்பறை (ஸ்மார்ட் வகுப்பறை) ஒன்று அமைத்துத் தரப் பணமும் தயாராக இருக்கிறது. அவர்கள் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் நாலைந்து பேர் எங்கள் ஆறாம் வகுப்பில்தான் சேர்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் என்ன தவறு செய்தோம்? இதை எப்படிக் கொண்டுசெல்வது?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியைக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, 'நல்ல மனசோடு போயிருக்கிறார்கள், பாவம்' என்று தோன்றியது. இரண்டாம் தடவை அந்த ஊர்த் தலைமையாசிரியையின் நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் படித்தேன். நானாக இருந்தாலும் போனை எடுத்திருக்க மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி ஜோடி சேர்க்கிற வேலையில் நீங்கள் ஒரு விழாவில் செய்ததை நான் ஏழெட்டு விழாக்களில் செய்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சீருடைகள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடை அரசே கொடுக்கிறது. புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் வருகிறது. தாமதமாக வரும், அளவு சரியாக இருக்காது, அது வேறு. ஆனால் 'எங்கள் பிள்ளைகளுக்கு உடுப்பில்லை' என்று அந்த அம்மா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. மேலும் அவை ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட உடுப்பு. அங்கே இருப்பவர்களோ பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த மூட்டை இப்போது எங்கே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்: பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், சாமியானா துணியோடு.

அடுத்தது வீடியோ. இதுதான் உண்மையான காயம் என்று நினைக்கிறேன். வீடியோவில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வகை வீடியோக்களின் இலக்கணம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? முதலில் விரிசல் விட்ட சுவர், ஒழுகின கறை படிந்த கூரை, தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், பின்னணியில் சோகமான புல்லாங்குழல். அப்புறம் கார்கள் வந்து நிற்கும், இசை மாறும். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். அதே வீடியோவை அந்த ஊர்க்காரர்களும்தான் பார்க்கிறார்கள். 'நம்ம பள்ளிக்கூடம் இவ்வளவு மோசமாவா இருக்கு?' என்று ஒரு தகப்பன் நினைப்பான். ஊர் முக்குக்கே வந்து நிற்கும் தனியார் பள்ளி வேன் அடுத்த ஜூனில் அவன் வீட்டு வாசல் வரை வரும்.

உங்கள் பள்ளியில் மூன்று பிள்ளைகள் போனால் வருகைப் பதிவேட்டில் மூன்று கோடு. 28 பேர் படிக்கும் இடத்தில் மூன்று பேர் போனால் அது பத்தில் ஒரு பங்கு. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த 60க்குப் பாதிகூட இல்லாத பள்ளியில் ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் எண்ணிக்கையைப் பார்க்கும்போது தலைமையாசிரியைக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளியையே பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பேச்சு ஊரில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 'மூடப்போற ஸ்கூல்' என்ற பெயர் ஒரு முறை விழுந்துவிட்டால் அது தானாகவே நடந்துவிடும். உங்கள் வீடியோ அந்தப் பெயரைக் கொஞ்சம் தடித்த எழுத்தில் எழுதிவிட்டது. அவர் போனை எடுக்காததற்கு நன்றி கெட்டத்தனம் காரணமில்லை. பயம்தான்.

மூன்றாவது, 'தத்து' என்ற வார்த்தை. 2025 தொடக்கத்தில், தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப் போவதாக ஒரு செய்தி கிளம்பி எவ்வளவு புழுதி பறந்தது, நினைவிருக்கிறதா? தத்தெல்லாம் இல்லை என்று அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை யாராவது தத்துக் கேட்பார்களா? அந்தப் பள்ளிக்கு ஊர் இருக்கிறது, எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, 20 வருடமாக அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியைகூட இருக்கலாம். பேனரில் அந்த வார்த்தையைப் பார்த்த நொடியில் அவர்கள் எல்லோரும் அநாதைகள் ஆனார்கள்.

1950களின் கடைசியில், காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பெஞ்சு, கடிகாரம், நிலம், கட்டடம் என்று மக்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயர் சுவரில் கல்வெட்டாகவே இருந்தது, யாருக்கும் கூச்சமில்லை. ஏனென்றால் கொடுத்தவரின் பேரன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உங்கள் முன்னாள் மாணவர்கள் உங்கள் பள்ளிக்குக் கொடுப்பதும் அந்த வகைதான். அவர்கள் அடுத்த ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கும்போது அதே காசுக்கு வேறு முகம் வந்துவிடுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பாரம் குறையும். நான் வட்டாரத்தில் இருந்தபோது, வசதியான ஒரு பள்ளியிடம் பேசி, அவர்கள் மாற்றப்போகும் பத்துக் கணினிகளை ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தேன். பெரிய சாதனை என்று நினைப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்வைக்குப் போனேன். கணினிகள் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியபடியே இருந்தன. அந்த அறையில் மூன்று பின் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. வயரிங் மாற்றலாம் என்றால் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் சொத்து, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் வழியாக மதிப்பீடு போட்டு வரவேண்டும். சரி, வேலைக்கு ஆகாததைத் தூக்கிப் போடலாமா? இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. கழிவு செய்ய அனுமதி வாங்கும் வரை தணிக்கைக்குக் காட்ட ஒவ்வொன்றும் அங்கேயே இருக்கவேண்டும். அந்தத் தலைமையாசிரியர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது மட்டும், 'சார், மானிட்டர் மேல எலி குட்டி போட்டிருக்கு, அதையும் பதிவேட்டுல ஏத்தணுமா?' என்றார். அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான்.

உங்கள் திறன் வகுப்பறைப் பணத்தை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிக்கு வருகிறேன். 'ஆண்டுதோறும் நாலைந்து பேர் எங்கள் ஆறாம் வகுப்பில்தான் சேர்கிறார்கள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, விஷயமே அதுதான்! அந்தப் பள்ளியின் பிள்ளைகள் பெரும்பாலோர் நாளைக்கு உங்கள் பிள்ளைகள். அவர்களுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மா. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்காக மேலதிகாரி முன்னால் நிற்கப்போகிறவர் நீங்கள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாற்றுச் சான்றிதழைத் தவிர எந்தப் போக்குவரத்தும் இல்லை. மாணவர் விவரம் பதியும் எமிஸ் தளத்தில் ஒன்றாம் வகுப்பில் கொடுத்த எண்ணே பன்னிரண்டு வரை கூட வருகிறது. ஆனால் அந்த எண் என்ன சொல்லும்?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. வாசிக்கத் தெரியாது என்று வகுப்பாசிரியர் முடிவு கட்டி, மெல்லக் கற்போர் பட்டியலில் எழுதிவிட்டார். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வந்திருந்த அவனுடைய பழைய ஐந்தாம் வகுப்பு டீச்சர் தற்செயலாக அவன் பெயரைக் கேட்டுவிட்டு, 'அவனா? எழுந்து நிக்கச் சொல்லாதீங்க சார், திக்கும். உக்காந்த இடத்துலயே படிக்கச் சொல்லுங்க, கடகடன்னு படிப்பான். எங்க ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களுக்கு அவன்தான் கதை வாசிச்சுக் காட்டுவான்' என்றார். அவ்வளவுதான். பட்டியலிலிருந்து பெயர் போனது. டீயும் பிஸ்கட்டும் சாப்பிடும் நேரத்தில் நடந்த பேச்சு இது. எந்த நிதியும் செலவாகவில்லை. அந்த டீச்சர் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் அந்தப் பையன் என்ன ஆகியிருப்பான் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்தப் பள்ளி வேண்டும் என்பது இதனால்தான். அவர்களுக்கு உங்கள் புரொஜெக்டர் வேண்டுமோ இல்லையோ, அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தேடிப் போக ஒரு காரணம் இருந்தால்தான் அது கூட்டு. ஒரு பக்கத்துக்கு மட்டும் காரணம் இருந்தால் அதற்கு நன்கொடை என்று பெயர். நன்கொடையும் நல்லதுதான், ஆனால் அது ரசீதோடு முடிந்துவிடும்.

'இரண்டு ஆசிரியர் பள்ளியிடம் நாங்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?' என்று உங்கள் ஊழியர் அறையில் யாராவது கேட்பார்கள். இரண்டு பேர் ஐந்து வகுப்பு எடுப்பது எப்படி என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் ஒருவரே ஐந்து வகுப்பு. ஒரு பாயில் ஒன்றாம் வகுப்பு எழுத்து கூட்டும், இன்னொரு பாயில் நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போடும், மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும். ஒரே வயதுப் பிள்ளைகள் 45 பேரை ஒரே பக்கத்தில் கொண்டுபோகத் திணறுகிற நமக்கு அது பெரிய வித்தை.

அந்த வித்தை ஏழைப் பள்ளியிலிருந்து பணக்கார நகரத்துக்கு ஏற்கனவே ஒரு தடவை வந்திருக்கிறது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை ஞாபகம் இருக்கும். ஏணிப்படி, அட்டைகள், கம்பிப் பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிப்பது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர்கள் நடத்திய சின்னஞ்சிறு பள்ளிகளில், ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சமாளிப்பதற்காக உருவானது அந்த அட்டை முறை. அதைப் பார்த்துவிட்டு வந்து, எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஆரம்பித்தார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. அவசரமாகப் பரப்பியதில் பல குறைகள் வந்தன, எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் எங்கிருந்து எங்கே வந்தது என்று பாருங்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. லண்டனில் 2003 முதல் 2011 வரை 'லண்டன் சேலஞ்ச்' என்று ஒரு திட்டம் நடந்தது. தொடக்க ஆண்டுகளில் அதை வழிநடத்திய டிம் பிரிக்ஹவுஸ் குழுவினர், வரும் பிள்ளைகளின் குடும்பநிலையும் முன்னறிவும் ஒத்திருக்கும் பள்ளிகளைக் 'குடும்பம்' 'குடும்பமாகப்' பிரித்துக் காட்டினார்கள். உன்னைப் போன்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டே பக்கத்துப் பள்ளி நன்றாகச் செய்கிறதே, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்கள். ஆசிரியர்கள் போய்ப் பார்த்தார்கள். தள்ளிவிட முடியாத பேச்சு இல்லையா? உங்கள் பள்ளியைக் காட்டி அந்த ஊர் டீச்சரிடம் 'இப்படிச் செய்யுங்கள்' என்றால், '1,100 பேரும் முன்னாள் மாணவர் சங்கமும் இருந்தால் நானும் செய்வேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். அதில் தப்பும் இல்லை. ஆகவே பாடம் சொல்லிக்கொடுக்கும் முறையில் நீங்கள் அவருக்கு மாதிரி ஆகப் பார்க்காதீர்கள். உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் ஒரே தொகுப்பாகப் பார்க்கவேண்டும் என்று 1964-66இல் மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழுவே எழுதிவைத்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதைத்தான் 5 முதல் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் என்று திரும்பச் சொல்கிறது. அந்தக் கொள்கையை நம் மாநிலம் ஏற்கவில்லை, அது வேறு வழக்கு. நம்மிடம் குறுவள மையம் இருக்கிறது. பயிற்சிக்கு ஆள் பிடிக்கும் இடமாக அது சுருங்கிவிட்டாலும், ஆறாம் வகுப்பு ஆசிரியர்களும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களும் பக்கத்தில் உட்காரக் கிடைக்கும் ஒரே பெஞ்சு அதுதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இந்த வருடம் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்திலிருந்து ஆறுக்கு வருகிற அந்தப் பாலம். சின்னப் பள்ளியில் ஒரே டீச்சர், மணி என்றால் சாப்பாட்டு மணிதான். உங்களிடம் வந்ததும் 40 நிமிடத்துக்கு ஒரு டீச்சர் மாறுகிறார், ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு, பிரேயரில் ஆயிரம் தலை. முதல் மாதம் பாதி நாள் அந்தப் பிள்ளை எந்த அறைக்குப் போவது என்று தேடுவதிலேயே போய்விடும். பிப்ரவரி மாதத்தில் அவர்களுடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு மூன்று நாள் உங்கள் பள்ளிக்கு வரச்சொல்லுங்கள். சுற்றிக் காட்டுவதற்கு ஆசிரியர் வேண்டாம், கலர் தொப்பி போட்ட சாரணர் அணியும் வேண்டாம். அதே ஊரிலிருந்து வந்து இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் காட்டட்டும். எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும், எந்த சாருக்குக் கோபம் வரும், எந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் முதல் காரியமாகக் கழிப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஸ்.எஸ்.ஏ. (அனைவருக்கும் கல்வி இயக்கம்) காலத்தில் பள்ளிப் பரிமாற்றத் திட்டம் என்று ஒன்று நடந்தது. கிராமப் பள்ளிப் பிள்ளைகள் நகரப் பள்ளிக்கும் அங்கிருந்து இங்கும் ஒரு நாள் போய் வருவார்கள். அப்படிப் போன குழுவோடு நானும் போயிருந்தேன். ஆய்வகம், ஸ்மார்ட் வகுப்பு எல்லாம் பார்த்தார்கள், வாயைப் பிளந்தார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு பெண் பிள்ளை தண்ணீரே தொடவில்லை. காரணம் கேட்டால் சொல்லவில்லை. கூட வந்த டீச்சர் அப்புறம் காதில் சொன்னார்: போகவேண்டிய இடம் எங்கே என்று தெரியாது, கேட்க வெட்கம், அதனால் காலையிலிருந்தே குடிக்கவில்லை. நாங்கள் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்கு ஈடாக, உங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் ஆளுக்கு ஒரு நாள் அங்கே போய் உட்காரட்டும். பாடம் எடுக்கவேண்டாம், பார்த்தால் போதும். அவர்கள் வகுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்வது உங்கள் பாடு. உங்கள் பள்ளியின் பங்களிப்பில் உண்மையிலேயே விலை அதிகமானது அதுதான், திறன் வகுப்பறையைவிட. நாட்டு நலப்பணித் திட்ட ஏழு நாள் முகாமை அந்த ஊரில் போடலாமா என்று உங்கள் அலுவலர் கேட்பார். போடலாம். ஆனால் மரக்கன்று நடுவதாக இருந்தால் ஏப்ரலில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று முதலில் கேளுங்கள்.

அனுமதிகளைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. உங்கள் பள்ளி இடைநிலைக் கல்வி மாவட்ட அலுவலருக்குக் கீழே, அவர்கள் பள்ளி தொடக்கக் கல்வி மாவட்ட அலுவலருக்குக் கீழே. இரண்டும் சேரும் இடம் முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ.தான். நீங்கள் பாட்டுக்கு நேராகப் போய் நின்றால், அந்தப் பள்ளியின் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) 'யாரைக் கேட்டு விட்டீங்க?' என்று அந்த அம்மாவைத்தான் பிடிப்பார். போன தடவை அப்படி நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக எழுத்து அனுமதியும் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அந்தக் காகித வேலையை உங்கள் அலுவலகத்தில் செய்து கொடுங்கள். உங்களிடம் இளநிலை உதவியாளர் இருக்கிறார், அவரிடம் இல்லை. இரண்டு எஸ்.எம்.சி.யிலும் தீர்மானம் போடுங்கள். அவர்கள் தீர்மானத்தை அவர்கள் எழுதட்டும், நகல் அனுப்பிக் 'கையெழுத்து மட்டும் போடுங்க' என்று சொல்லாதீர்கள்.

பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 1,000 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஆண்டுக்கு 1,00,000 ரூபாய். 30 பேருக்குள் இருந்தால் 10,000 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்கு என்று விதி. மீதியில் சாக்பீஸ், பதிவேடு, பிரிண்டர் மை, பழுதான மோட்டார் எல்லாம். பணம் வருவது தாமதமானால், 2024-25இல் மத்திய அரசு நிதியை நிறுத்திவைத்ததுபோல் ஆனால், தலைமையாசிரியர் கைக்காசுதான். அவர் கேட்கப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைச் செலவாக இருக்கும். உங்கள் முன்னாள் மாணவர்களுக்கு அது பிடிக்காது. பிரிண்டர் மைக்கு ரிப்பன் வெட்ட முடியாதே! அவர்களைச் சம்மதிக்கவைப்பது உங்கள் வேலை. கொடுக்கிறவர்கள், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறும் அரசுத் திட்டமான 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக அந்தப் பள்ளியின் பெயரிலேயே கொடுத்தால், கணக்கும் சுத்தமாக இருக்கும், நடுவில் நீங்கள் கொடையாளியாக நிற்கவும் வேண்டியதில்லை.

படம் எடுப்பது பற்றி ஒரே வரி: பிள்ளைகள் முகம் வேண்டாம், பழைய வீடியோவை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டதாக அந்த அம்மாவுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள். பதில் வராது, பரவாயில்லை.

அப்புறம் ஒரு நாள் நீங்கள் தனியாகப் போங்கள். காலையில் போகாதீர்கள், காலை உணவுக் கணக்கு, எமிஸ் வருகை, சத்துணவு என்று பதினொன்றரை வரை அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. மூன்று மணிக்கு மேல், டவுன் பஸ்ஸில் போனால் இன்னும் நல்லது. அவர் பள்ளியிலிருந்து வந்து உங்களிடம் ஆறு, ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு மூன்று பேருடைய நோட்டுகளும். ஐந்து வருடம் பக்கத்தில் உட்காரவைத்து எழுதப் பழக்கின கையெழுத்து இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்கு இதுவரை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். காட்டுங்கள். அதில் சரியாகப் படிக்காத ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இவளை எப்படிப் பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை டீச்சர், உங்களிடம் எப்படி இருந்தாள்?' என்று கேளுங்கள்.

சுத்திகரிப்பு இயந்திரம் ஓடுகிறதா என்று மட்டும் அன்றைக்குக் கேட்காதீர்கள்.